அணையின் வலது மூலை

பாம்... பாம்... பாம்!

மூன்றாவது முறை ஹார்ன் அலறி ஓய்ந்ததும் கரையில் நின்றவர்களின் பேச்சு அடங்கியது. அணையின் இரும்புக் கதவு திறக்கப்படுகிறது, இனி ஒருவரும் ஆற்றுக்குள் நிற்கக்கூடாது என்று அர்த்தம்.

குகதாசன் தலை நிமிரவில்லை. மார்பு வரை ஏறும் ரப்பர் காற்சட்டையின் வாரைத் தோளில் மாட்டப் பார்த்துக்கொண்டிருந்தான். கொக்கி நாலாவது தடவையும் நழுவியது.

"என்ன அண்ணன், காலமைக்குச் சாப்பிடல்லியா?" என்று கேட்டபடி விஜிதரன் கொக்கியைப் பிடித்து மாட்டிவிட்டான். மட்டக்களப்புக்காரன். குகதாசனோடு ஊராட்சியின் தெருப் பராமரிப்பில் வேலை செய்பவன். வாய் ஓயாது.

"நித்திரை இல்லை."

"நித்திரை எனக்குந்தான் இல்ல. எனக்குப் பிள்ளை அழுகுது. தனிக்கட்டை, உங்களுக்கு ஆர் அழுற?"

குகதாசன் மற்றத் தோளின் வாரை இழுத்துச் சரிசெய்தான். அவன் ஒழுங்காகத் தூங்கி மூன்று வாரம். ஜெர்மன் பேசும் கூர் நகரத்துக்குக் கீழே, சல்வீனா ஆற்றின் குறுக்கே நிற்கும் இந்தப் பழைய நூல் ஆலை அணையை உடைக்கப் போகிறார்கள் என்று அறிவித்தல் ஒட்டிய நாளிலிருந்து தூக்கம் போய்விட்டது.

அணையின் வலது மூலையில், சேற்றுக்குள், பாலசிங்கத்தின் சாம்பல் கிடந்தது. அதை அங்கே போட்டவன் குகதாசன்தான். பாலசிங்கத்தின் மனைவி ஜெயமலருக்கு அவன் எழுதியிருந்ததோ, சாம்பல் யாழ்ப்பாணத்துக் கீரிமலைக் கடலில் கரைக்கப்பட்டது என்று.

இன்னும் ஒரு மணி நேரத்தில் தண்ணீர் வடிந்துவிடும்.

அது 1990இல் நடந்த கதை. ஆலையின் பழைய தொழிலாளர் விடுதியில் அகதிகளை வைத்திருந்த காலம். குகதாசனோடு சேர்த்து ஓர் அறையில் ஆறு பேர். அவர்களில் மூத்தவர் பாலசிங்கம், எல்லோருக்கும் பாலண்ணை. உணவகம் ஒன்றில் கோப்பை கழுவிவிட்டு வந்து சப்பாத்தைக் கழற்றக் குனிந்தவர் நிமிரவில்லை. முப்பத்தொன்பது வயது. எரித்து முடித்து, மண்ணிறச் சுட்ட மண் கலசம் ஒன்றில் சாம்பலைத் தந்தார்கள். மூடியைச் சீமெந்து போட்டு ஒட்டியிருந்தார்கள். மூடியின் மேல் சின்னப் பித்தளைத் தகட்டில் பெயரும் இரண்டு ஆண்டுகளும்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஜெயமலரின் கடிதம் வந்தது. "அவரை அந்தக் குளிருக்குள் விடவேண்டாம் தம்பி. ஊருக்கு வரும் யாரிடமாவது கொடுத்தனுப்பு. கீரிமலையில் கரைக்கவேணும்."

கடிதம் வந்து சேர்வதற்குள் ஊரில் சண்டை மூண்டுவிட்டது. போக யாரும் இல்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கும் கடந்தது. அறையில் இருந்தவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். சாம்பலை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு சோறு தின்பதா என்று அவர்களில் ஒருவரான தம்பித்துரை நேரே கேட்டார். "ஒண்டில் அது வெளியாலை போகவேணும், இல்லாட்டி நான் போறன்." கட்டிலுக்கு அடியில், உடுப்புத் தோய்க்கும் அறையில், படிக்கட்டின் கீழே என்று கலசம் இடம் மாறிக்கொண்டே இருந்தது. எங்கே வைத்தாலும் யாராவது ஒருவர் முகம் சுளித்தார். குகதாசனுக்கு அலுத்துப் போயிற்று.

ஆவணி மாதம் ஒரு காலை, அதை வெள்ளைத் துணியில் கட்டி எடுத்துக்கொண்டு அணைக்கு வந்தான். இந்த ஆறு ரைன் நதியில் விழுகிறது. ரைன் கடலில் விழுகிறது. கடலுக்கு வேலி இல்லை. அப்படித்தான் கணக்குப் போட்டான். அப்பாவின் சாம்பல் முட்டியைக் கரைத்த நாளில் ஐயர் சொல்லித் தந்தபடியே செய்தான். தண்ணீருக்கு முதுகைக் காட்டி நின்று, பின்புறமாக விட்டுவிட்டு, திரும்பிப் பாராமல் நடந்தான்.

திரும்பிப் பார்க்கக்கூடாது என்பது முறை. பார்த்திருந்தால் கலசம் ஓர் அடிகூட நகராமல் அந்த இடத்திலேயே அமிழ்ந்ததைக் கண்டிருப்பான்.

இரண்டு ஆண்டு கழித்து இதே அணையின் கம்பித் தட்டியில் சேரும் இலைகுப்பையை நீண்ட பிடி போட்ட வாரியால் வாரும் வேலை அவனுக்குக் கிடைத்தது. முதல் நாளே மேற்பார்வையாளர் சொன்னார்: இலையைவிடப் பாரமான எதுவும் இந்த அணையைத் தாண்டிப் போனதில்லை, நூறு வருடக் கல்லும் மணலும் இங்கேதான் கிடக்கிறது. அடுத்த வாரம் வலது மூலையில் வாரியை விட்டபோது 'டொக்' என்று கேட்டது. கல்லில் பட்ட சத்தம் அல்ல.

எடுத்திருக்கலாம். எடுத்தால் பிறகு எங்கே கொண்டுபோவது? இன்றைக்கு வேண்டாம், அடுத்த கிழமை பார்ப்போம் என்றே ஐந்து வருடம் ஓடிவிட்டது. அறிவித்தல் ஒட்டிய பிறகு இரண்டு தடவை வாரியோடு வந்து தேடினான். அதற்குள் சேறு மூடியிருந்தது.

இதற்கிடையில் ஜெயமலரே கூருக்கு வந்து சேர்ந்துவிட்டாள். இடம்பெயர்ந்து, கொழும்பில் கிடந்து, போன வருடம். ரயில் நிலையத்தில் அவளைக் கண்டதும் குகதாசன் கீரிமலைக் கதையைச் சொல்லத் தொடங்கித் தடுமாறினான். "சரி தம்பி, அதை விடு" என்றாள் அவள். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. பாலண்ணையின் திதி நாளில் மரக்கறிச் சோறு சமைத்து அவனுக்குத்தான் முதலில் கொடுத்தனுப்பினாள். அந்தச் சோற்றை அவன் தின்று முடிக்கப் பாதி நாள் எடுத்தது. இந்த ஊரில் அவனைத் தம்பி என்று கூப்பிட அவள் ஒருத்திதான் இருந்தாள்.

"எல்லோரும் கேளுங்கள்!" என்று கத்தினார் கஸ்பார். ஆற்று மீன்களுக்குப் பொறுப்பான காவலர். பேரிக்காய் ஒன்றைக் கடித்தபடியே பேசுவது அவர் வழக்கம். "தண்ணீர் முழங்காலுக்கு வந்ததும் இறங்குகிறோம். சேற்றில் மாட்டும் மீனை வலையால் அள்ளி வாளியில் போடுங்கள். வாளி கைக்குக் கை மாறி மேலே போகவேண்டும். கடைசியில் நிற்பவர் ஆற்றில் விடுவார். ஒரு வாளி ஒருவர் கையில் மூன்று எண்ணுவதற்கு மேல் நிற்கக்கூடாது. மீன் செத்துவிடும்."

கரையில் முப்பது பேர் வரிசையாக நின்றார்கள். மீன்பிடிக் கழகத்துக்காரர்கள், ஊர்க்காரர்கள்.

"இவ்வளவு பாடு எதுக்கு?" என்று விஜிதரன் குகதாசனின் காதைக் கடித்தான். "ஒரு மிளகாய்த் தூள் பக்கற் கொண்டு வந்தா நானே எல்லாத்தையும் காப்பாத்திருவன்."

தன் மீன்களைப் பற்றித்தான் பேச்சு என்று கஸ்பாருக்குப் புரிந்துவிட்டது. விஜிதரனின் தோளைப் பிடித்து அணையின் கீழ்ப்பக்கம் திருப்பினார். "அங்கே பார். கறுப்பாக, கட்டை மாதிரி தெரிகிறதா? ஏரி ஃபோரெல்லே. சால்மனுக்குச் சொந்தக்காரன். போடன் ஏரியிலிருந்து முட்டை போட வருகிறது. நூறு வருடமாக வந்து இந்தச் சுவரில் முட்டித் திரும்புகிறது. என் அப்பாவும் இதைப் பார்த்தார், நானும் பார்த்தேன். போதும்."

"உடைச்சா மேல போயிருமா?"

"கார்த்திகைக்குள் போகும். அமெரிக்காவிலும் அணைகளை உடைக்கச் சொல்லிச் சண்டை பிடிக்கிறார்கள். அங்கே சால்மன் ஆற்றில் ஏறினால்தான் கடலில் இருக்கும் ஓர்கா திமிங்கிலத்துக்குச் சாப்பாடு."

"இங்க திமிங்கிலம் இல்லியே?"

"இருக்கிறேனே" என்று கஸ்பார் வயிற்றைத் தட்டிக் காட்டினார்.

எல்லோரும் சிரித்தார்கள். குகதாசனும் சிரிக்கவேண்டுமே என்று வாயைத் திறந்தான். அப்போதுதான் ஆலைப் பக்கத்துப் பாதையில் சக்கர நாற்காலி ஒன்று வருவதைக் கண்டான். அதைத் தள்ளிக்கொண்டு வந்தவள் ஜெயமலர்.

திறந்த வாய் மூடவில்லை.

"என்ன தம்பி, பேயைக் கண்டமாதிரி முழிக்கிறாய்?" நாற்காலியைப் புல்லில் நிறுத்தி மூச்சு வாங்கினாள் ஜெயமலர். அவள் வேலை செய்யும் முதியோர் இல்லத்து நீல மேலாடை, அதன் மேல் கம்பளிச் சட்டை. "நான் பாக்கிற இந்த மனிசி விடிஞ்சதிலை இருந்து ஒரே கரைச்சல். அணை உடைக்கிறதைப் பாக்கவேணுமாம். இந்த ஆலையிலை முப்பது வருசம் நூல் நூத்தவவாம்."

நாற்காலியில் இருந்த எண்பத்தெட்டு வயதுக் கிழவி ஃப்ராவ் மெங்கெல்ட் போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி அணையைச் சுட்டினார். "நாற்றம் பிடித்த சுவர்! சீக்கிரம் உடையுங்கள். எனக்குப் பதினொன்றரைக்குச் சாப்பாடு."

"அக்கா, இஞ்சை குளிர். சேறும் மணக்கும். அவவைக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றான் குகதாசன்.

"நீ போய்ச் சொல்லிப் பாரன். எனக்கு இவையின்ரை டொச்சுப் பாசையிலை சண்டை பிடிக்க இன்னும் சொல்லுப் போதாது."

அதற்குள் கஸ்பார் வந்துவிட்டார். ஆள் குறைவு என்றார். மேலே, வரிசையின் கடைசியில், நல்ல தரை, நாற்காலியும் நிற்கும், இந்த அம்மா வாளியைக் கவிழ்த்து மீனை ஆற்றில் விட்டால் போதும். ஜெயமலர் மாட்டேன் என்று கையை ஆட்டினாள். ஃப்ராவ் மெங்கெல்ட் ஆமாம் என்று தலையை ஆட்டினார். கிழவியின் தலைதான் வென்றது. இருவரும் மேலே போனார்கள்.

நூற்றைம்பது மீற்றர் தூரம். பரவாயில்லை என்று குகதாசன் தன்னைத் தேற்றிக்கொண்டான். அங்கிருந்து பார்த்தால் வலது மூலை தெரியாது. முதலில் இறங்கி, முதலில் எடுத்து, ஒரு வாளிக்குள் போட்டு, தானே வாகனத்துக்குக் கொண்டுபோய்விட்டால் முடிந்தது. அதற்குப் பிறகு எங்கே கொண்டுபோவது என்று இப்போதும் அவனுக்குத் தெரியவில்லை. யோசிக்கத் தெம்பும் இல்லை.

தண்ணீர் இறங்கியது. முதலில் கரையோரக் கல், பிறகு மரவேர், பிறகு ஒரு சைக்கிள், பிறகு சாம்பல் நிறச் சேறு. அழுகிய இலையின் நாற்றம் கிளம்பியது. சேற்றுக் குழிகளில் மீன்கள் அடித்துக்கொள்ளும் சத்தம், யாரோ ஈரத் துணியைக் கல்லில் அடிப்பதுபோல் நாலா பக்கமும் கேட்டது.

"இறங்குங்கள்!"

"வலது மூலை எனக்கு" என்றான் குகதாசன்.

"உன் மூலைதானே, எடுத்துக்கொள்" என்றார் கஸ்பார்.

"நானும் வாறன் அண்ணன்" என்றான் விஜிதரன்.

"நீ அங்காலை போ!"

அவன் அப்படிக் கத்தி விஜிதரன் கேட்டதில்லை. தோளைக் குலுக்கிக்கொண்டு, நாலு எட்டுத் தள்ளி நின்றான்.

சேறு தொடை வரை வந்தது. ஒவ்வொரு காலையும் பிடுங்கி எடுத்து வைக்கவேண்டியிருந்தது. வலையின் பிடியால் குத்திக் குத்திப் போனான். மெது, மெது, கல், மெது. முதுகு விண்ணென்று வலித்தது.

டொக்.

வலையைப் போட்டுவிட்டுக் கையை விட்டான். துணி இன்னும் இருந்தது, கறுத்து, வேர்போல் ஆகி. கீழே வளைவான மண் கலசம். இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். சேறு விடமாட்டேன் என்றது. இன்னொரு இழுவை. 'ப்ளக்' என்று வந்து நெஞ்சில் சாய்ந்தது. பாலண்ணை இவ்வளவு பாரமா?

"குகா! காலடியில்! காலடியில் பார்!"

கஸ்பாரின் குரல். முப்பது தலைகளும் அவன் பக்கம் திரும்பின. கலசம் இருந்த குழியிலேயே, கையளவு தண்ணீரில், ஒரு பெரிய மீன் வாலை அடித்துக்கொண்டிருந்தது. பொன்னிற உடம்பில் கறுப்புப் புள்ளிகள்.

யோசிக்க நேரம் இல்லை. கலசத்தை வாளிக்குள் இறக்கினான். மீனை வலையால் அள்ளி அதன் மேலேயே போட்டான். மீன் துள்ளியதில் சேற்றுத் தண்ணீர் முகத்தில் தெறித்தது. வாளிக்குள் மீனைத் தவிர எதுவும் தெரியவில்லை. நல்லது. இனி இதை மெதுவாக...

"தாங்க அண்ணன், மீன் மூச்சு முட்டிச் செத்துரும்!"

"விடு, நான் கொண்டு போறன்!"

"நீங்க நடக்கிற நடைக்கு அது கருவாடாயிரும்!" விஜிதரன் வாளியைப் பறித்து அடுத்தவனிடம் நீட்டிவிட்டான்.

அடுத்தவர் கனத்தில் தள்ளாடினார். "அடேயப்பா! என்ன பாரம்!" அவரிடமிருந்து அதற்கடுத்தவர். "எட்டுக் கிலோ இருக்கும்!" அதற்கடுத்தவர். "பத்து!" வரிசை உற்சாகமாகிவிட்டது. யாரோ கை தட்டினார்கள். வாளி ஒருவர் கையிலும் மூன்று எண்ணுவதற்கு மேல் நிற்காமல் மேலே மேலே போனது.

"நிப்பாட்டுங்கோ!" என்று குகதாசன் தமிழில் கத்தினான். அவசரத்தில் ஜெர்மன் வாயில் வரவில்லை. கைதட்டலில் அந்தத் தமிழும் யாருக்கும் கேட்கவில்லை.

அவன் ஓடப் பார்த்தான். வலது சப்பாத்தைச் சேறு பிடித்துக்கொண்டது. இழுத்தான், காற்சட்டை கிழிந்து காலுறையோடு கால் மட்டும் வெளியே வந்தது. அப்படியே தவழ்ந்து கரையேறினான். நிமிர்ந்தபோது வாளி கடைசிக்கு முந்திய ஆளிடம் இருந்தது.

ஜெயமலர் இரண்டு கையையும் நீட்டி அதை வாங்கினாள். தண்ணீர் ஓரம் குந்தி, மெல்லச் சரித்தாள். மீன் வழுக்கி ஆற்றில் இறங்கியது. ஒரு கணம் அசையாமல் நின்று, பிறகு ஓட்டத்தை எதிர்த்து மறைந்தது. வரிசை முழுக்க ஆரவாரம். ஃப்ராவ் மெங்கெல்ட் போர்வைக்குள்ளிருந்து கை தட்டினார்.

ஜெயமலர் கை தட்டவில்லை. வாளிக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு உள்ளே கையை விட்டாள்.

குகதாசன் நடந்தான். ஓடிப் பயனில்லை. ஒரு காலில் சப்பாத்து, மற்றக் காலில் ஈரக் காலுறை. வரிசையில் நின்றவர்கள் அவன் தோளில் தட்டினார்கள். பெரிய மீனைப் பிடித்த ஆள். நூற்றைம்பது மீற்றரும் தட்டு வாங்கிக்கொண்டே போனான். அடுத்தடுத்த வாளிகள் அவனைக் கடந்து போயின. மேலே யாரோ ஒரு கழகத்துக்காரர் ஜெயமலரின் இடத்தில் நின்று அவற்றைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

அவள் சற்றுத் தள்ளிப் புல்லில் இருந்தாள். கலசம் மடியில். கறுத்த துணியைப் பிரித்துப் பக்கத்தில் வைத்திருந்தாள். நீல மேலாடையின் ஓரத்தால் பித்தளைத் தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பச்சைப் பாசிக்குள்ளிருந்து எழுத்துகள் ஒன்றொன்றாக வந்தன.

குகதாசன் எதிரே முழங்காலில் இருந்தான். ஏழு வருடமாக இந்த நேரத்துக்கென்று அவன் யோசித்து வைத்திருந்த பொய்கள் பல. கொண்டுபோனவர் பாதியில் திரும்பிவிட்டார். கலசம் இரண்டு. ஒன்றுகூட இப்போது நாக்குக்கு வரவில்லை.

"எந்த இடத்திலை வைச்சனீ?" என்று கேட்டாள் ஜெயமலர். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அணைக்குப் பக்கத்திலை. வலது கைப் பக்க மூலையிலை."

"எப்ப?"

"தொண்ணூறு ஆவணியிலை. ஒரு காலமை."

"ஆர் நிண்டது?"

"நான் மட்டுந்தான். வெள்ளைத் துணி கட்டி... தேவாரம் ஒண்டு பாடினனான். பாதியிலை மறந்துபோச்சு." அவன் முகத்திலிருந்த சேறு காய்ந்து இழுத்தது. "கடலுக்குப் போகும் எண்டு நினைச்சன் அக்கா. திரும்பிப் பாக்கேல்லை. பிறகுதான் தெரியும், இஞ்சையே கிடக்கிறார் எண்டு. ஒவ்வொரு கிழமையும் வந்து மேலை நிண்டு குப்பை வாரினனான். எடுக்கத் தைரியம் வரேல்லை."

அவள் மூடியின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தாள். எங்கும் வெடிப்பில்லை. ஒட்டின சீமெந்து ஒட்டினபடியே இருந்தது.

"என்ன அது? புதையலா?" என்று நாற்காலியிலிருந்து ஃப்ராவ் மெங்கெல்ட் கேட்டார்.

"என் கணவர்" என்றாள் ஜெயமலர், தெரிந்த ஜெர்மனில்.

கிழவி கலசத்தைப் பார்த்தார். பிறகு தன் போர்வையை உருவி அவளிடம் நீட்டினார். ஜெயமலர் அதை வாங்கிக் கலசத்தின் அடியில் மடித்து வைத்தாள்.

கீழே எல்லோரும் கரையேறி முடிய, இயந்திரம் உறுமியது. அணையின் நடுவில் முதல் அடி விழுந்தது. மண் அதிர்ந்தது.

"என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா" என்றான் குகதாசன். "ஆவணி அமாவாசையிலை கீரிமலையிலை கரைச்சாச்சு எண்டு எழுதினது பொய். நீங்கள் அதை நம்பி இவ்வளவு காலமும் ஆறுதலாய் இருந்தனீங்கள். அதைக் கெடுத்துப்போட்டன்."

ஜெயமலர் முதல் தடவையாக நிமிர்ந்தாள். அவள் கண் காய்ந்திருந்தது. அவனைப் போலவே அவளும் பல நாள் நித்திரை இல்லாதவளாகத் தெரிந்தாள்.

"அந்த ஆவணியிலை கீரிமலையிலை ஆமிதான் இருந்தவன் தம்பி, ஒரு சனம் போகேலாது, கடிதம் வாசிச்ச அண்டைக்கே பொய்யெண்டு தெரியும், நீ அவரைக் குப்பைக்குள்ளை போட்டிட்டியோ எண்ட பயத்திலைதான் ஏழு வருசமாய் உன்னட்டைக் கேக்காமல் இருந்தனான்."